மிச்சத் தோல்

ஒருவருடைய உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் அவருடைய உடற்பரப்பு சதுர மீட்டரில் கிடைத்துவிடும். மோஸ்டெல்லர் என்பவர் 1987இல் சொன்ன வாய்ப்பாடு இது. புற்றுநோய் மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று கணக்கிட மருத்துவமனைகளில் இன்றும் பயன்படுகிறது. 170 செ.மீ. உயரமும் 130 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு விடை ஏறக்குறைய 2.48. அதே ஆள் 75 கிலோவுக்கு இறங்கிவிட்டால் 1.88. வித்தியாசம் 0.6 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஆறரை சதுர அடி. மிகப் பருத்த உடல்களுக்கு இந்த வாய்ப்பாடு அத்தனை துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க இது போதும். ஐம்பத்தைந்து கிலோ போய்விட்டது, சரி; அந்த ஆறரை சதுர அடித் தோல் எங்கே போகும்?

பெரும்பாலும் எங்கும் போகாது. அடிவயிற்றில் மடிந்து தொடை வரைக்கும் தொங்கும். கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை ஆடும். தொடைகளின் உட்பக்கம் சுருங்கி ஒன்றோடொன்று உரசும். மார்பு தளர்ந்து சரியும். முதுகில் மடிப்பு விழும். தாடைக்குக் கீழே தோல் தொய்ந்து, நாற்பது வயதுக்காரருக்கு அறுபது வயது முகம் வந்துவிடும். இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் அறுவை செய்துகொண்டவர்கள், புதிய ஊசி மருந்துகளால் இளைத்தவர்கள், எதுவுமில்லாமல் சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் இளைத்தவர்கள் என்று யாரும் இதற்கு விலக்கில்லை. எப்படி இளைத்தார்கள் என்பதைவிட எவ்வளவு இளைத்தார்கள், எந்த வயதில் இளைத்தார்கள், எத்தனை வருடம் பருமனாக இருந்தார்கள் என்பவைதாம் மிச்சத் தோலின் அளவைத் தீர்மானிக்கின்றன.

இப்படிப்பட்டவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. "ஜிம்முக்குப் போ, எல்லாம் இறுகிடும்" என்பார் ஒருவர். "மெதுவா இளைச்சிருந்தா தொங்கியிருக்காது" என்பார் இன்னொருவர். இரண்டிலும் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது: நீ சரியாக முயலவில்லை. தோலின் உயிரியலைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு அபத்தம் என்று தெரியும்.

பருமனாகும்போது தோல் வெறுமனே இழுபட்டு விரிவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது வளர்கிறது. இதற்கு நல்ல சான்று பிளாஸ்டிக் சர்ஜன்களின் கையிலேயே இருக்கிறது. 1957இல் சார்லஸ் நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர், காது ஒன்றைச் சீரமைக்கத் தோல் போதாமல், தோலுக்கு அடியில் ஒரு பலூனைப் புதைத்துச் சிறிது சிறிதாக ஊதினார். மேலே உள்ள தோல் பெருகியது. 1970களில் செடோமிர் ரடோவன் இதைச் சிலிக்கோன் பையாக மேம்படுத்தினார். தீக்காயத் தழும்பை நீக்கவும், புற்றுநோயால் மார்பகம் இழந்தவர்களுக்குப் புது மார்பகம் அமைக்கவும் இன்று உலகம் முழுவதும் இந்தப் பையைத்தான் வைக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை உப்புநீரை ஏற்ற ஏற்ற, தோலின் செல்கள் அந்த இழுவிசையை உணர்ந்து பிரிந்து பெருகுகின்றன; சில மாதங்களில் உபரித் தோல் தயார். பல ஆண்டுகளாகத் தோலுக்கு அடியில் சேர்ந்துவரும் கொழுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆக, பெரிய அளவில் இளைத்தவரிடம் தொங்குவது ரத்தக் குழாயும் நரம்பும் வியர்வைச் சுரப்பியும் உள்ள, உயிருள்ள, கூடுதல் தோல். வளரச் சொல்லும் இழுவிசை இருந்தது, வளர்ந்தது. அதே அளவுக்குத் திரும்பிப் போகச் சொல்லும் ஏற்பாடு நம் உடலில் இல்லை.

கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். பிரசவத்துக்குப் பிறகு வயிறு ஓரளவு பழைய நிலைக்கு வருவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அது ஒன்பது மாத விரிவு, அதுவும் பெரும்பாலும் இளம் வயதில். சுருங்கும் திறனைத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். தோலின் உலர் எடையில் முக்கால் பங்கு கொலாஜன். அது தோலுக்கு வலிமை தருகிறது. எலாஸ்டின் சில விழுக்காடு மட்டுமே. இழுத்தால் திரும்பிப் போகும் குணம் அதனால் வருகிறது. சிக்கல் என்னவென்றால், கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உடல் எலாஸ்டினைத் தாராளமாக உற்பத்தி செய்கிறது. அதற்குப் பிறகு கையிருப்பை வைத்தே காலம் தள்ள வேண்டும். வெயிலும் புகையிலையும் அதைச் சிதைக்கின்றன. வருடக்கணக்கில் இழுபட்டுக் கிடந்த எலாஸ்டின் இழைகள் அறுந்து துண்டுதுண்டாகின்றன. பெருமளவு இளைத்தவர்களின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் கொலாஜன் இழைகள் மெலிந்து ஒழுங்கற்றுக் கிடப்பதும் தெரியும். வயிற்றில் வெள்ளை வெள்ளையாக ஓடும் வரிகள் வெளியிலிருந்தே தெரியும் அதன் அடையாளம்.

உடற்பயிற்சி தசையைப் பெருக்கும். தசை தோலுக்கு அடியில், வேறோர் அடுக்கில் இருக்கிறது. புஜம் பருத்தால் அங்கே கொஞ்சம் இடம் நிரம்பும், அவ்வளவுதான். கொலாஜன் பொடி வயிற்றில் செரித்து அமினோ அமிலமாகவும் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் உடைகிறது; வயிற்றுத் தோலுக்கு என்று தனி முகவரி எழுதி அதை அனுப்ப முடியாது. ரேடியோ அலை, அல்ட்ராசவுண்டு இயந்திரங்கள் லேசான தளர்வில் சிறு மாற்றம் காட்டலாம். தொடையில் விழுந்து கிடக்கும் மடிப்பை அவை தூக்கி நிறுத்தாது. அப்படி விளம்பரம் செய்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

இதோடு இன்னொரு வியப்பான செய்தி. 2008இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் உடன் பணியாற்றியவர்களும் மனிதக் கொழுப்புச் செல்களின் வயதைக் கண்டுபிடித்தார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அது செடிக்குப் போய், உணவாகி, மனித டி.என்.ஏ.விலும் பதிந்தது. அந்த முத்திரையை வைத்து ஒரு செல் எந்தக் காலகட்டத்தில் பிறந்தது என்று சொல்லலாம். அப்படிப் பார்த்ததில், ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு கொழுப்புச் செல் இறந்து புதியது பிறக்கிறது. மொத்த எண்ணிக்கை மட்டும் பெரியவர்களிடம் மாறுவதில்லை என்று தெரிந்தது. பேரியாட்ரிக் அறுவைக்குப் பிறகு இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் செல்கள் சுருங்கியிருந்தனவே தவிர, குறையவில்லை. ஆகவே தொங்கும் அந்த மடிப்பைக் கையில் பிடித்துப் பார்த்தால் வெறும் தோல் மட்டும் தட்டுப்படாது. காலியான கொழுப்புச் செல்களின் அடுக்கும் கூடவே இருக்கும்.

இது வெறும் கண்ணாடிப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஒரு சென்னைக் கோடையை இந்தத் தோலோடு கழித்துப் பார்க்க வேண்டும். மடிப்புக்குள் வியர்வை வெளியேற வழியில்லை. தோலோடு தோல் உரசிச் சிவந்து, ஊறிப்போய், அதில் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறும். அரிப்பு, எரிச்சல், வாடை. பவுடர் போட்டால் ஈரத்தில் கட்டிப்போய் இன்னும் அறுக்கும். வெடித்த இடத்தில் பாக்டீரியா நுழைந்தால் சீழ் வைக்கும். சர்க்கரை நோய் முழுதாகப் போகாதவர்களுக்கு அது ஆறாப் புண்ணாகும். நடக்கும்போது வயிற்று மடிப்பு தொடையில் அடிக்கும், ஓடவே முடியாது. எடையைத் தக்கவைக்க உடற்பயிற்சி செய்யச் சொல்வார்கள். அதற்குக் குறுக்கே நிற்பது இளைத்ததன் விளைவே. உடைக்குள் மடித்துத் திணித்து, இறுக்கமான பெல்ட் போட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கணவன் மனைவிக்கு இடையில் விளக்கை அணைக்கச் சொல்லும் சங்கடத்தைப் பற்றிப் பெரும்பாலானவர்கள் மருத்துவரிடம்கூடப் பேசுவதில்லை.

இந்தத் தோலை வெட்டி எடுத்துவிடலாம் என்ற எண்ணம் பழையது. 1899இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பெயர்பெற்ற நான்கு நிறுவுநர் மருத்துவர்களில் ஒருவரான ஹோவர்டு கெல்லி, மிகப் பருத்த ஒரு பெண்ணின் அடிவயிற்றிலிருந்து ஏறத்தாழ மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட சதைப் பட்டையைக் குறுக்காக அறுத்தெடுத்தார். எடை சுமார் ஏழு கிலோ. கெல்லி மகப்பேறு, பெண் நோய் வல்லுநர். அழகுக்காக அவர் இதைச் செய்யவில்லை, அந்தப் பெண்ணால் அந்தச் சுமையோடு நடமாட முடியவில்லை. அக்காலத்து அறுவைகளில் தொப்புள் பெரும்பாலும் வெட்டிய சதையோடு போய்விடும். தொப்புளை அதன் காம்பிலேயே விட்டுவிட்டு, தோலைக் கீழே இழுத்துத் தைத்த பின், சட்டையில் பொத்தான் துளை போடுவது போலப் புதிய இடத்தில் ஒரு துளையிட்டு அதை வெளியே எடுக்கும் முறையை 1957இல் வெர்னன் என்பவர் விவரித்தார். இன்றும் வயிற்று அறுவையில் அதுதான் நடக்கிறது.

அடுத்த பெரிய பெயர் பிரேசிலின் இவோ பிடாங்கி. தொடை, வயிறு இரண்டுக்கும் 1960களில் அவர் வகுத்த முறைகள் பாடப்புத்தகங்களில் ஏறின. 1967இல் தொடர்ச்சியாக 300 வயிற்று அறுவைகளை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. திரைநட்சத்திரங்களுக்கும் கோடீசுவரர்களுக்கும் அறுவை செய்து புகழ்பெற்ற அதே மனிதர், ரியோ டி ஜெனிரோவின் சாந்தா காசா அறநிலைய மருத்துவமனையில் ஏழைகளுக்கென்று ஒரு பிரிவை நடத்தினார். 1961இல் நிதெரோய் நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் இறந்தபோது, பிழைத்தவர்களின் தீக்காய சிகிச்சைக்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். தோற்றத்தால் வரும் வேதனை பணக்காரர்களுக்கு மட்டுமான சொகுசு நோயன்று என்று அவர் விடாமல் வாதிட்டார். 2016 ஆகஸ்டு 5 அன்று ரியோவில் ஒலிம்பிக் சுடரை ஏந்திச் சென்று, மறுநாள் மாரடைப்பில் காலமானார்.

கெல்லியும் பிடாங்கியும் பெரும்பாலும் பார்த்தது கொழுப்பு நிறைந்த வயிறு, அல்லது பிரசவத்தில் தளர்ந்த வயிறு. முழு உடலும் காற்றிறங்கியது போலத் தொய்ந்து கிடக்கும் நோயாளி ஒரு புதிய வகை. அவரை உருவாக்கியது இன்னொரு அறுவை. 1966இல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். 1990களில் அது லேப்ராஸ்கோப்பி வழியாகச் சிறு துளைகளில் செய்யக்கூடியதானதும் எண்ணிக்கை எகிறியது. ஒரே வருடத்தில் நாற்பது, ஐம்பது கிலோ இறங்கியவர்கள் பிளாஸ்டிக் சர்ஜன்களின் வாசலில் வந்து நின்றார்கள். பழைய வயிற்று அறுவை அவர்களுக்குப் போதவில்லை. முன்பக்கம் மட்டும் இழுத்தால் இடுப்பின் பக்கவாட்டில் மடிப்பு அப்படியே நின்றது. பின்பக்கம் தொய்ந்தே கிடந்தது.

விடை கான்சஸைச் சேர்ந்த டெட் லாக்வுட்டிடமிருந்து வந்தது. அவர் சடலங்களை அறுத்துப் பார்த்து, தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பின் நடுவே உடல் முழுவதும் ஓர் இணைப்புத் திசு வலை பரவியிருப்பதை 1991இல் விரிவாக வரைந்து காட்டினார். அதுவரை சர்ஜன்கள் தோலை இழுத்துத் தோலிலேயே தையல் போட்டு வந்தார்கள். இழுவிசை முழுவதும் தழும்பின் மேல் விழுந்ததால் தழும்பு அகன்று, கீழே நழுவி, சில சமயம் பிளந்தும் போனது. லாக்வுட் அந்த ஆழத்து வலையில் வலுவான தையல் போட்டுப் பாரத்தை அதற்கு மாற்றினார். மேல்தோல் இழுவிசையின்றி ஆறியது. 1993இல் அவர் வெளியிட்ட 'லோயர் பாடி லிஃப்ட்' இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வெட்டி, வயிறு, பக்கவாட்டுத் தொடை, பிட்டம் மூன்றையும் ஒரே இழுப்பில் தூக்குவது. இன்று 360 டிகிரி அறுவை என்று விளம்பரங்களில் காணப்படுவதன் வேர் இதுதான்.

இப்போது எப்படிச் செய்கிறார்கள்? முதலில் காத்திருக்கச் சொல்வார்கள். பேரியாட்ரிக் அறுவை முடிந்து ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகி, எடை குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் ஒரே நிலையில் நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே இருக்கும்போது வெட்டினால் மறுபடியும் தொங்கும். ஏறிக்கொண்டிருந்தால் தையல் தாங்காது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 30க்குக் கீழே வந்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு. 35க்கு மேல் நின்றுவிட்டவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் இருந்தால் அது முடியட்டும் என்பார்கள்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் பலரும் கவனிக்காத ஒன்று ரத்தப் பரிசோதனை. பைபாஸ் செய்துகொண்டவரின் குடல் இரும்பையும் பி12 வைட்டமினையும் சரியாக உறிஞ்சாது. சிறிய இரைப்பையில் புரதம் போதுமான அளவு இறங்காது. நம் ஊரில் மூன்று வேளையும் இட்லி, சோறு, ரசம் என்று போகும் சைவச் சாப்பாட்டில் பழகியவர்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் புரதம் என்ற இலக்கு எளிதல்ல. பருப்பு, பயறு, பனீர், தயிர் என்று எண்ணி எண்ணிச் சாப்பிட வேண்டும். பல அடி நீளத் தையலை ஆற்றப்போகும் உடலுக்குப் புரதம்தான் மூலப்பொருள். ரத்தச்சோகையோடு மேசையில் ஏறினால் ரத்தம் ஏற்ற வேண்டி வரும். புகைப்பவர்களை நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாதவர்களுக்கு அறுவை செய்ய மறுக்கும் சர்ஜனே நல்ல சர்ஜன். நிகோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. இழுத்துத் தைத்த தோலின் விளிம்புக்கு ரத்தம் எட்டாமல் அது கறுத்துச் செத்துப்போகும்.

அறுவைக்குமுன் நோயாளியை நிற்கவைத்துத்தான் கோடு போடுவார்கள். படுத்துவிட்டால் தோல் பக்கவாட்டில் வழிந்து, எவ்வளவு மிச்சம் என்பதே தெரியாது. மார்க்கர் பேனாவோடு சர்ஜன் மடிப்பைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, எங்கே வெட்டுவது, வெட்டிய இரு விளிம்பும் எங்கே சந்திக்கும் என்று வரைகிறார். வேலையின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆசைப்பட்டு அதிகம் எடுத்துவிட்டால் விளிம்புகள் சேராது. பயந்து குறைவாக எடுத்தால் தொய்வு தங்கிவிடும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2005இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு: உடலைப் பத்துப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொய்வுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். எந்தப் பகுதிக்குக் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் லைப்போசக்ஷன் போதும், எதற்குக் கத்தி வேண்டும் என்று முடிவெடுக்க அது உதவுகிறது.

பிறகு வெட்டு. அடிவயிற்றில் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை, உள்ளாடைக்குள் மறையும் உயரத்தில். மேல் வயிறும் குறுக்குவாட்டில் தளர்ந்திருந்தால் நடுவே நெஞ்சிலிருந்து கீழ்நோக்கி இன்னொரு வெட்டு. முடிவில் தழும்பு கவிழ்ந்த டி வடிவில் நிற்கும். தோலையும் கொழுப்பையும் மேலே தூக்கும்போது தசையிலிருந்து அதற்கு வரும் ரத்தக் குழாய்கள் துண்டிக்கப்படுகின்றன. எவ்வளவு தூரம் தூக்கலாம், எந்தக் குழாய்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்தான் அனுபவம் பேசும். விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைப்பதும் உண்டு. கைக்கு வெட்டு அக்குளிலிருந்து முழங்கை வரை ஓடும். அரைக்கைச் சட்டையில் அந்தத் தழும்பு தெரியும், ஒளிக்க வழியில்லை. தொடைக்கு உட்பக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள். மயக்கத்தில் இருக்கும் நேரம் நீள நீள ரத்த இழப்பும் உடல் குளிர்தலும் கூடும். ஆகவே வயிறும் இடுப்பும் ஒருமுறை, கையும் மார்பும் ஒருமுறை, தொடை பிறகு என்று சில மாத இடைவெளிகளில் போகும்.

கொடுக்கல் வாங்கலின் கணக்கு இங்கே தெளிவாகத் தெரிய வேண்டும். தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்குகிறீர்கள். தழும்பு எத்தனை ஆண்டு ஆனாலும் பழைய தோலின் வலிமையில் 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. சிவந்து தடித்திருக்கும் அது மங்கிப் படிய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். நம் போன்ற மாநிறத்தவர், கறுத்த நிறத்தவரிடம் தழும்பு மேலும் கறுப்பதும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டு வருவதும் வெள்ளையரைவிட அதிகம். மேற்கத்திய நோயாளிகளின் படங்களைக் காட்டி ஆசை காட்டும் இடங்களில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ முன்பு கட்டி போலத் தழும்பு வளர்ந்திருந்தால் சர்ஜனிடம் தவறாமல் சொல்லுங்கள். தொப்புளுக்குக் கீழே பல மாதம் தொட்டால் தெரியாது; சிலருக்கு அந்த மரத்துப்போதல் நிரந்தரம்.

அடிக்கடி வரும் தொல்லை நீர்க்கோப்பு. தூக்கி இழுத்த தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழுகிறது. நிணநீர் அங்கே கசிந்து தேங்குகிறது. அதற்காகத்தான் பக்கத்தில் குழாய் சொருகி, பிளாஸ்டிக் பையில் நீரை வடியவிடுகிறார்கள். பிரேசிலைச் சேர்ந்த பரோடியும் அமெரிக்காவின் பொல்லாக் தந்தை-மகன் இருவரும் அந்த வெற்றிடத்தையே உள்தையல்களால் வரிசையாக மூடும் முறையைப் பரப்பிய பிறகு நீர்க்கோப்பு குறைந்தது; சிலர் குழாயே வைப்பதில்லை. நடுவில் டி சந்திக்கும் இடத்தில் தையல் விட்டுப்போவதும் சகஜம். அது தானே ஆறும், ஆனால் வாரக்கணக்கில் கட்டு மாற்ற வேண்டும். அஞ்ச வேண்டியது காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. அது உயிரைக் குடிக்கும். வயது, எடை, முன்பு உறைந்த வரலாறு என்று மதிப்பெண் போடும் கப்ரினி அளவுகோலைப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள். அறுவை முடிந்த அன்றே, கூன் போட்டபடியாவது, நோயாளியை நடக்கவைப்பதும் அதற்காகத்தான். வீட்டில் "பாவம், அசையாமப் படுத்திருக்கட்டும்" என்று நினைக்கும் பாசம் இந்த ஒரு விஷயத்தில் ஆபத்தானது.

இத்தனைக்கும் பிறகு பெரும்பாலானவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. நடமாட்டம், உடை, தன்னம்பிக்கை, தாம்பத்தியம் எல்லாவற்றிலும் முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது. தோலை நீக்கிக்கொண்டவர்களுக்கு எடை திரும்ப ஏறுவது குறைவு என்றும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. இதை முழுதாக நம்பிவிட வேண்டாம்: எடையை நன்றாகக் காத்துவந்தவர்களைத்தானே சர்ஜன் மேசைக்கு அழைக்கிறார்? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனசு தோலைவிட மெதுவாக இளைக்கிறது. வயிறு தட்டையான பிறகும் கடையில் பழைய அளவு சட்டையையே எடுப்பவர்கள், பேருந்தில் இரண்டு பேர் இருக்கைக்கு நடுவே ஒடுங்கி உட்காருபவர்கள் இருக்கிறார்கள். கத்தி எட்டாத இடம் அது. மனநல ஆலோசகர் இருக்கும் குழுவைத் தேடுவது அதனால்தான் புத்திசாலித்தனம்.

இந்த நோயாளிகளின் எண்ணிக்கை இனி ஏறத்தான் போகிறது. செமாக்ளூடைடு ஊசி 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்தது. 2022இல் வெளியான சோதனையில் டிர்செபடைடு, அதன் உச்ச அளவில், 72 வாரத்தில் 20.9 விழுக்காடு. இவை முறையே வீகோவி, மவுஞ்சாரோ என்ற பெயர்களில் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. நூறு கிலோ ஆள் எண்பதுக்கு இறங்கினால் தோல் மிஞ்சும். ஐம்பது வயதில் இறங்கினால் அதிகமாகவே மிஞ்சும். இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. வழக்கம்போல முந்தைய இரவு பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு தங்கியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். எனவே ஊசி போட்டுக்கொள்வதை மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்கக் கூடாது. உறவினர்களிடம் மறைப்பது அவரவர் விருப்பம்.

பணம்தான் கடைசிக் கதவு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, மடிப்பு அடிவயிற்று எலும்பு வரை அல்லது அதற்கும் கீழே தொங்குகிறது என்று புகைப்படம் காட்டினால், சிகிச்சை செய்தும் மூன்று மாதமாகப் புண் ஆறவில்லை என்று பதிவு இருந்தால், அந்த மடிப்பை வெட்டியெடுக்க மட்டும் பணம் தருகின்றன. தசையைச் சேர்த்துத் தைப்பது, கை, தொடை எல்லாம் சொந்தச் செலவு. இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளைப் பாருங்கள். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 35 அல்லது அதற்கு மேல் இருந்து பருமனால் வந்த கடும் நோயும் உள்ளவர்களுக்கும் பேரியாட்ரிக் அறுவைக்கு வழி திறந்திருக்கிறது. அதன் பின்விளைவாகத் தொங்கும் தோல் வேறு பிரிவுக்குப் போய்விடுகிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான சீரமைப்பு தவிர மற்ற அழகு, பிளாஸ்டிக் அறுவைகளுக்குப் பணம் இல்லை. ஒரு நோய்க்குச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தச் சிகிச்சை விட்டுச்சென்றதை அலங்காரம் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதே விலக்கில் ஒரு சந்து இருக்கிறது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்குத் தேவையான சிகிச்சை என்று மருத்துவர் சான்றளித்தால் பரிசீலிக்க வேண்டும். ஆகையால் மடிப்பில் புண் வந்த முதல் நாளிலிருந்தே மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொள்வதை விட்டுவிட்டு, தோல் மருத்துவரைப் பார்த்து, தேதியிட்ட சீட்டு, புகைப்படம், எத்தனை முறை சீழ் வைத்தது, என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே அந்தக் கோப்போடு முன்அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதை வைத்துக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.